அங்கியிலிருந்து கைப்பைக்கு: பலஸ்தீனப் பூத்தையலின் பயணமும் அதன் விலையும்

மண்ணை இழந்து புறப்படும் மக்கள் தம்மோடு எடுத்துச் செல்லக்கூடியவை மிகச் சிலவே. வீட்டுத் திறப்பு, காணி உறுதி, உடுத்திய உடை, கையில் படிந்த தொழில் என்பன அவற்றுள் அடங்கும். திறப்பு திறப்பதற்கு வீடு இல்லாமற் போகலாம். உறுதியை ஏற்றுக்கொள்ள எந்த அலுவலகமும் முன்வராமற் போகலாம். ஆனால், கையில் உள்ள தொழில் எந்தக் கூடாரத்திலும் மீண்டும் தொடங்கக் கூடியது. 1948 ஆம் ஆண்டு தமது ஊர்களை விட்டு அகல நேர்ந்த 7 இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனர்களுள் பெண்கள் பலர் அவ்வாறு கொண்டு சென்ற தொழிலே 'தத்ரீஸ்' எனும் பூத்தையல் ஆகும்.

அன்று மணப்பெண்ணின் அங்கியில் இடம்பெற்ற அத்தையல் இன்று கைப்பையிலும், பணப்பையிலும், இடுப்புப் பட்டியிலும், காதணியிலும் காணப்படுகின்றது. அம்மான், பெய்ரூத், இலண்டன் ஆகிய நகரங்களின் கடைகளில் அது நவநாகரிகப் பொருளாக விற்பனையாகின்றது. ஒரு மக்களின் அடையாளம் தோளில் தொங்கும் பையாக மாறியதை வளர்ச்சி என்பதா, இழப்பு என்பதா? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், அத்தையல் எத்தகையது, அது பையாக மாறியது எவ்வாறு, அந்தப் பையின் விலையில் தைத்தவளின் பங்கு எவ்வளவு என்பவற்றை நாம் ஒழுங்காக நோக்குதல் வேண்டும்.

எண்ணித் தைக்கும் கலை

துணியின் மீது ஊசியால் உருவம் வரைவதற்கு இரு வழிகள் உள்ளன. துணியில் முதலில் கோட்டுருவம் வரைந்து, அதன்மேல் நூலை ஓட்டிச் செல்வது ஒரு வழி. துணியின் இழைகளை எண்ணி, எண்ணிக்கையின்படியே ஊசியைக் குத்தி எடுப்பது மற்றைய வழி. தத்ரீஸின் மிகப் பரந்த வடிவம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஐரோப்பியர் கதிரை உறைகளுக்கும் மெத்தை உறைகளுக்கும் பயன்படுத்தி வந்த கன்வஸ் தையலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. கன்வஸ் தையலில் விறைப்பான வலைத்துணி முழுவதும் கம்பளி நூலால் மூடப்பட்டு விடும். தத்ரீஸில் அடித்துணி வெளியே தெரியும். கறுப்பு அல்லது வெள்ளைத் துணி வானம் போல விரிந்திருக்க, அதன்மேல் சிவப்பு நூலால் உருவங்கள் எழும்.

அதன் அடிப்படை அலகு குறுக்குத் தையல் ஆகும். பெருக்கற் குறியைப் போல இரு சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதே அத்தையல். எல்லாக் குறுக்குகளிலும் மேலே அமையும் கோடு ஒரே திசையில் சாய்ந்திருத்தல் வேண்டும். ஒன்று மாறினாலும் வெளிச்சம் அதன்மீது வேறு விதமாகப் பட்டு, அந்த இடம் கறை போலத் தோன்றும். தேர்ந்த கைகளை நாம் இனங்காண்பது இத்தகைய நுட்பங்களைக் கொண்டே.

சதுரங்களால் ஆன கலை என்பதால் அதன் கோலங்களை எண்களாக மனதில் இருத்திக் கொள்ள முடியும். எழுத்தறிவு இல்லாத தாயொருத்தி தன் மகளுக்கு 'மூன்று வலம், ஒன்று மேல்' என்ற விதமாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம். தாளோ பேனையோ அதற்குத் தேவையில்லை. முற்றத்துக் கோலத்தைப் புள்ளிக் கணக்கால் நினைவில் வைத்திருக்கும் எமது பெண்களுக்கு இது அந்நியமான விடயம் அன்று.

ஊரைச் சொல்லும் உடை

1948 ஆம் ஆண்டுக்கு முன்னர், பலஸ்தீனக் கிராமப் பெண்ணின் 'தோப்' எனப்படும் நீண்ட அங்கியைப் பார்த்து அவளது ஊரை ஊகித்துவிட முடிந்தது. ரமல்லாவின் வெண்ணிறத் துணியில் செந்நூலால் தைத்த பனை உருவங்கள், பெத்லஹேமில் பட்டுக் கயிற்றையும் பொன்னிறக் கயிற்றையும் துணியின்மேல் படிய வைத்துத் தைக்கும் முறை என ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முத்திரை இருந்தது. சைப்பிரஸ் மரம், பிறை, 'பாஷாவின் கூடாரங்கள்' எனப் பெயர் பெற்ற கோலம், கண்ணேறு கழிக்கும் தாயத்தின் வடிவமான முக்கோணம் என்பன பரவலாகக் காணப்பட்டவை. தைக்கப்பட்ட நிறமும் கோலமும் பெண்ணின் ஊரை மட்டுமன்றி, அவளது திருமண நிலையையும் வசதியையும் கூடச் சுட்டின.

இக்கலை மாறாத ஒன்றாக என்றும் இருந்ததில்லை என்பதும் இங்கு கவனத்திற் கொள்ளத்தக்கது. தொடக்கத்தில் சிரியாவிலிருந்து வந்த பட்டு நூல் பயன்பட்டது. 1930களில் பிரான்ஸின் டி.எம்.சி. நிறுவனத்தின் பருத்தி நூல் சந்தையை நிறைத்தது. அதனோடு ஐரோப்பியக் கோலப் புத்தகங்களும் வந்தன. ரோஜாப் பூக்களும் பறவைகளும் பலஸ்தீன அங்கிகளில் குடியேறியது அதன் பின்னரே. வந்ததை ஏற்றுத் தமதாக்கிக் கொள்ளும் ஆற்றல் அப்பெண்களுக்கு இருந்தது. எனவே, அங்கியில் இருந்த தையல் பைக்குச் சென்றது என்பதற்காக மட்டும் ஒரு மரபு முறிந்துவிட்டதாக நாம் கருத வேண்டியதில்லை. யாருக்காக, எந்த நிபந்தனையின் கீழ் அது சென்றது என்பதே முக்கியமான வினா.

முகாமில் பிறந்த பை

அகதி முகாமில் அங்கி தைப்பது இலகுவான காரியமாக இருக்கவில்லை. முழு அங்கியொன்றுக்குப் பல மாத உழைப்பும் பெருந்தொகை நூலும் தேவைப்பட்டன. வீட்டில் உணவு இல்லாத வேளையில் தனக்காகத் தைத்துக் கொண்டிருக்க எந்தப் பெண்ணால் இயலும்? மாறாக, இருந்த அங்கிகளையே விற்க நேர்ந்தது. அவற்றை வாங்கிய வியாபாரிகள் மார்புப் பகுதியையும் பக்கப் பகுதிகளையும் வெட்டியெடுத்து, மெத்தை உறைகளாகவும் பைகளாகவும் மாற்றி உல்லாசப் பயணிகளிடம் விற்றனர். பலஸ்தீனப் பூத்தையலில் ஆன முதற் பைகளுட் சில இவ்வாறு ஓர் அங்கியின் சிதைவிலிருந்தே தோன்றின எனலாம்.

இந்தச் சிதைவைக் கண்டு வருந்தியவர்களுள் ஒருவர் விதாத் கவார் அம்மையார். பெத்லஹேமில் வளர்ந்த அவர், பல தசாப்தங்களாக ஊர் ஊராகவும் முகாம் முகாமாகவும் உடைகளைச் சேகரித்தார். அவரது சேகரிப்பு இன்று அம்மான் நகரில் 'திராஸ்' என்ற நிலையத்தில் பேணப்படுகின்றது. எந்த ஊரில் எந்தக் கோலம் என்று அறிய விரும்பும் இன்றைய வடிவமைப்பாளர்களுக்கு அது ஓர் அகராதியாக விளங்குகின்றது.

சிதைவின் மறுபுறத்தில் மற்றொரு முயற்சியும் எழுந்தது. பழைய அங்கியை வெட்டாமல், புதிய துணியில் பைக்கென்றே தைப்பதே அம்முயற்சி. ஐக்கிய நாடுகளின் பலஸ்தீன அகதிகளுக்கான நிவாரண முகவரகம் 1950 ஆம் ஆண்டில் காஸாவில் தொடங்கிய பூத்தையல் திட்டம் 'சுலாபா' என்ற பெயரில் வளர்ந்தது. ஹெப்ரோனுக்கு அண்மையில் உள்ள சூரிப் கிராமத்துப் பெண்கள் கூட்டுறவு அமைத்துத் தைத்தனர். லெபனானின் முகாம்களில் வாழ்ந்த பெண்களுக்காக 1969 ஆம் ஆண்டு பெய்ரூத்தில் 'இனாஷ்' அமைப்பு நிறுவப்பட்டது. அதை நிறுவியவர்களுள் முன்னின்றவர் ஓவியர் ஹூகெற் கலாண்ட். இவர் சுதந்திர லெபனானின் முதலாவது ஜனாதிபதி பிஷாரா அல் கூரியின் மகள் ஆவார்.

நியாய வர்த்தகம் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் இயக்கத்தின் வேர்களுள் ஒன்றும் இந்த ஊசியிலேயே உள்ளது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் என்ற பெண்மணி, 1946 ஆம் ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோவுக்குச் சென்று, அங்குள்ள பெண்களின் பூத்தையலை எடுத்து வந்து தமது மோட்டார் காரின் பின்பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பலஸ்தீன அகதிப் பெண்களின் குறுக்குத் தையலும் அவரது பொருட்களுடன் சேர்ந்துகொண்டது. 'டென் தௌசண்ட் வில்லேஜஸ்' என்ற வர்த்தக அமைப்பாகப் பின்னாளில் வளர்ந்தது அந்தப் பின்பெட்டி வியாபாரமே.

இவர்கள் யாவரும் பையைத் தெரிவு செய்தமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. அங்கிக்கு உடலளவு வேண்டும், பைக்கு அளவில்லை. அங்கியின் பொருளை அறியாத வெளிநாட்டவரும் பையைப் பயன்படுத்துவர். தைக்க வேண்டிய பகுதி சிறியதாதலால், சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் மடியில் வைத்தே அதனைத் தைத்து முடிக்கலாம். முகாமை விட்டு வெளியேறத் தடையிருக்கும் பெண்ணுக்கு இது பெரும் வசதி. தைத்த துணி தட்டையாக இருப்பதால், அதை மடித்து இன்னோர் இடத்துக்கு அனுப்பிப் பையாக்கவும் முடியும்.

தையல் பையாகும் விதம்

தைத்த துணி ஒன்று பையாக மாறுவதில் ஊசி வேலை பாதியே. மீதிப் பாதி தையற்காரரின் கையில் உள்ளது. அழகிய பூத்தையல் பல, மோசமான முடிப்பு வேலையினால் ஓராண்டுக்குள் பயனற்றுப் போகின்றன. ஆகவே, அதன் ஒழுங்கை இங்கு விளக்குவது பொருத்தமாகும்.

முதலாவது அடித்துணி. இழைகளை எண்ணக்கூடிய நெசவாயின் அதிலேயே நேரடியாகத் தைக்கலாம். வெல்வெட், டெனிம் போன்று எண்ண முடியாத துணியாயின், அதன்மேல் மெல்லிய கன்வஸ் வலையொன்றை இணைத்து, இரண்டையும் சேர்த்துத் தைப்பர். தைத்து முடிந்ததும் வலையை ஈரமாக்கி, அதன் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுவர். தையல் மட்டும் துணியில் எஞ்சி நிற்கும்.

இரண்டாவது சாயச் சோதனை. தத்ரீஸின் உயிர் சிவப்பு நிறமே. சாயம் விடும் நிறங்களுள் முதலிடம் வகிப்பதும் அதுவே. ஈரமான வெள்ளைத் துணித்துண்டினால் நூலை அழுத்திப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். மழையில் நனைந்த ஒரு பை, வாங்கியவரின் வெள்ளை உடையைச் சிவப்பாக்குமாயின், அந்தப் பணிமனைக்கு அவர் மீண்டும் வரப்போவதில்லை.

மூன்றாவது இடத்தெரிவு. பையின் மூலைகள், அடிப்பாகம், கைபிடி ஆகியன அதிகம் உராயும் இடங்கள். அங்கே பூத்தையலை வைத்தால் நூல் தேய்ந்து அறும். எனவே முகப்பின் நடுப்பகுதியில் தையலையும், அடியிலும் கைபிடியிலும் தோலையோ தடித்த துணியையோ வைப்பதே முறை. தைத்த பகுதியைச் சுற்றி ஒன்றரை சென்ரிமீற்றர் அளவுக்கேனும் வெறுந்துணி விடப்படாவிடின், பொருத்தும்போது ஓரத்துக் கோலம் மடிப்புக்குள் மறைந்துவிடும்.

நான்காவது நேராக்குதல். ஒரே திசையில் சாயும் அரைத்தையலால் நிறைக்கப்பட்ட கன்வஸ், தைத்து முடியும் தறுவாயில் சதுர வடிவை இழந்து ஒருபக்கம் சரிந்துவிடும். அதை ஈரமாக்கி, பலகையில் நான்கு பக்கமும் இழுத்து ஊசிகளால் குத்தி, காயும்வரை விட வேண்டும். குறுக்குத் தையலில் இரு திசை இழுவையும் சமமாதலால் இச்சிக்கல் குறைவு. அதைத் தடித்த துவாயின் மேல் முகம் கீழாக வைத்துப் பின்புறமாக அழுத்தினால் போதும். நேரடியாக முகப்பில் அழுத்தினால் நூல் நசுங்கித் தன் எழுச்சியை இழக்கும்.

இறுதியாக, சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணியைப் பின்னால் இணைத்து, உட்துணி தைத்து, சிப்பும் கைபிடியும் பொருத்தப்படும். தையலின் பின்புற நூல்கள் திறப்பிலும் நாணயத்திலும் சிக்காமற் காப்பது இந்த உட்துணியே.

சிறு அணிகலன்களுக்கும் இதே ஒழுங்குதான். சிறு வட்டமாகத் தைத்த துணியை உலோகச் சட்டத்தில் இறுக்கினால் காதணியோ பதக்கமோ கிடைக்கும். ஒடுங்கிய நாடாவாகத் தைத்தால் கைவளையும் இடுப்புப் பட்டியும் ஆகும். புதிதாகப் பழகுவோருக்கு இவை உகந்தவை. ஆயினும், இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சிறிய பொருளில் தையல் குறைவு. ஆனால் முடிப்பு வேலை குறைவதில்லை. திறப்புக் கோவை ஒன்றைத் தைக்கும் நேரமளவுக்கு அதைப் பொருத்தி முடிக்கவும் நேரம் செல்லலாம். மலிவான பொருள் என்பதால் அதிகம் விற்கும் என எண்ணித் தொடங்குவோர், பெண்களுக்கு மணிக்கூலி கொடுக்க முடியாமல் தடுமாறுவது இதனாலேயே.

ஒரு பையின் கணக்கு

இங்கு எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அங்குலத்துக்கு 14 சதுரங்கள் கொண்ட துணி, குறுக்குத் தையலுக்குப் பரவலாகப் பயன்படுவது. அதில் ஒரு சதுர அங்குலத்துக்கு 196 குறுக்குகள் அடங்கும். 8 அங்குல நீளமும் 6 அங்குல உயரமும் கொண்ட பையின் முகப்பு 48 சதுர அங்குலம் ஆகும். அதன் பாதிப் பரப்பை மட்டும் கோலம் நிரப்புவதாகக் கொண்டால் 4,704 குறுக்குகள் தேவை. நிமிடத்துக்கு 4 குறுக்குகள் தைக்கும் ஒரு பெண்ணுக்கு இது ஏறத்தாழ 20 மணி நேர வேலை. வீட்டு வேலைகளுக்கு இடையில் நாளொன்றுக்கு 5 மணி நேரம் ஒதுக்கினாலும் 4 நாட்கள் செல்லும். பிழைத்த இடத்தைப் பிரித்துத் தைக்கும் நேரமோ, பொருத்தி முடிக்கும் நேரமோ இதில் சேரவில்லை.

கைத்தையற் பை விலையுயர்ந்தது எனக் குறைகூறும் போது, நாம் விலை பேசுவது துணிக்கோ நூலுக்கோ அன்று. அந்த 20 மணி நேரத்துக்கே விலை பேசுகின்றோம். விலையைப் பாதியாக்கும்படி கேட்பவர், பெண்ணொருத்தியை 10 மணி நேரம் இலவசமாக உழைக்கும்படி கேட்கின்றார் என்பதே பொருள். துணியின் விலையையும் நூலின் விலையையும் எவரும் குறைத்துத் தரமாட்டார்கள். எனவே, விலை இறங்கும் ஒவ்வொரு தடவையும் இறங்குவது தைப்பவளின் கூலியே.

இந்தக் கணக்கை அறியாத உதவித் திட்டங்கள் நெடுங்காலம் நிலைப்பதில்லை. போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பெண்களுக்குத் தையல் இயந்திரங்கள் வழங்கப்பட்டதைக் கண்ட எமது வாசகர்களுக்கு இதனை நீட்டி விளக்க வேண்டியதில்லை. இயந்திரம் கொடுப்பது ஒரு நாள் வைபவம். தைத்ததை நியாய விலைக்கு விற்கும் சந்தையை அமைப்பதே நீண்ட பணி.

அந்த நீண்ட பணியில் வழிகாட்டும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. 2000 ஆம் ஆண்டில் லெபனானில் சாரா பைதூன் தொடங்கிய 'சாராஸ் பாக்' நிறுவனம், சிறையில் இருந்த பெண்களுக்கு மணி வேலையும் பூத்தையலும் பழக்கி, அவர்களது கைவேலையைக் கைப்பைகளாக்கியது. விடுதலையான பின்னரும் பலர் அத்தொழிலையே தொடர்ந்தனர். ஜோர்தானின் ராணி ரானியா போன்றோரின் கைகளில் அப்பைகள் காணப்பட்டன. ஜோர்தானில் ஜெராஷ் முகாம் உள்ளது. 1967 ஆம் ஆண்டுப் போரில் காஸாவிலிருந்து வந்தவர்களுக்காக 1968 இல் அமைக்கப்பட்ட அம்முகாமை மக்கள் 'காஸா முகாம்' என்றே அழைக்கின்றனர். அங்கு வாழ்வோரில் பெரும்பாலானோருக்கு ஜோர்தானியக் குடியுரிமை இல்லாததால் தொழில் வாய்ப்புக்கள் மிகக் குறைவு. முன்னாள் வங்கியாளரான ரொபேர்ட்டா வென்தூரா நிறுவிய 'செப்' நிறுவனம், அம்முகாமின் பெண்களைக் கொண்டு உயர்தரச் சால்வைகளையும் பைகளையும் வீட்டு அலங்காரத் துணிகளையும் தயாரித்து வருகின்றது.

இவ்விரு முயற்சிகளும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. அகதி தைத்தது, கைதி தைத்தது என்று இரக்கத்தைக் காட்டி விற்கும் பொருளை மக்கள் ஒருமுறை வாங்குவர். அழகும் உறுதியும் உள்ள பொருளுக்கே மறுமுறை வருவர். தானமாக வாங்கியவர் அலுமாரியில் வைப்பார், விரும்பி வாங்கியவர் தோளில் கொண்டு செல்வார்.

இரு ஆபத்துகள்

தத்ரீஸ் பையை இன்று இரு ஆபத்துகள் சூழ்ந்துள்ளன. முதலாவது இயந்திரப் பிரதி. கணினி இயக்கும் தையல் இயந்திரம் அதே கோலத்தைச் சில நிமிடங்களில் தைத்துவிடுகின்றது. இயந்திரத் தையலை நாம் குற்றமாகக் கொள்ளவில்லை. விலை குறைந்த உடையை விரும்புவோருக்கு அது ஏற்றதே. அதைக் கைத்தையல் எனச் சொல்லி விற்பதே குற்றம். துணியின் பின்புறத்தைத் திருப்பினால் வேறுபாடு தெரியும். இயந்திரத் தையலில் அடிநூல் தனியே ஓடும், பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். கைத்தையலில் முகப்பில் உள்ள அதே நூலே பின்புறத்திலும் செல்லும். ஆனால், பையில் உட்துணி பின்புறத்தை மூடிவிடுகின்றது. ஆகவே தைத்தவர் யார், எந்த ஊர், எவ்வளவு நாள் சென்றது என்று விற்பவரிடம் கேட்கும் வழக்கம் வாங்குவோரிடம் வளர வேண்டும். தைத்த பெண்ணின் பெயரைச் சிறு அட்டையில் எழுதி இணைக்கும் பணிமனைகள் இவ்வகையில் நல்ல முன்மாதிரிகள்.

இரண்டாவது ஆபத்து பொருள் இழப்பு. அங்கியில் ஒவ்வொரு கோலத்துக்கும் ஓர் இடம் இருந்தது. மார்பில் வருவது விளிம்பில் வராது. பைக்கு அந்த ஒழுங்கு இல்லை. வாங்குவோரின் விருப்பத்துக்கு ஏற்ப நிறம் மாற்றி, கோலம் சுருக்கி, பெயர் மறந்து தைத்துக்கொண்டே போனால், இறுதியில் எஞ்சுவது வெறும் அலங்காரமே. தைப்பவளுக்கும் தான் தைப்பது சைப்பிரஸ் மரமா, தாயத்தா என்பது தெரியாத நிலை வரும். கோலத்தின் பெயரையும் அதன் ஊரையும் பயிற்சியின் பகுதியாக்குவது இதனாலேயே இன்றியமையாததாகின்றது.

பொருள் மாறினாலும் உயிர் குன்றாமல் இருக்க முடியும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. இஸ்ரேலின் ஆக்கிரமிப்பின் கீழ் 1967 முதல் 1993 வரை பலஸ்தீனக் கொடிக்குத் தடை இருந்தது. 1987 டிசெம்பரில் தொடங்கிய முதலாவது இன்திபாதா எழுச்சியின்போது, பெண்கள் அந்தக் கொடியின் நிறங்களையும் தாயகத்தின் வரைபடத்தையும் தமது அங்கிகளில் குறுக்குத் தையலால் பதித்து அணிந்தனர். கோலப் புத்தகங்கள் எவற்றிலும் இல்லாத புதிய உருவங்கள் அவை. எனினும் அவற்றை எவரும் மரபுக்கு அந்நியம் எனக் கூறவில்லை. தைத்தவளே தன் தேவைக்காக மாற்றினாள் என்பதே அதற்குக் காரணம். மாற்றத்தைத் தைப்பவள் தீர்மானிக்கின்றாளா, வாங்குபவர் மட்டும் தீர்மானிக்கின்றாரா என்பதில்தான் வளர்ச்சிக்கும் இழப்புக்கும் இடையிலான எல்லை அமைந்துள்ளது.

அங்கீகாரமும் அழிவும்

2021 டிசெம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் பலஸ்தீனப் பூத்தையற் கலையை மனிதகுலத்தின் புலப்படாக் கலாசார மரபுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பெண்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடித் தைப்பதும், தாயிடமிருந்து மகளுக்குக் கலை கையளிக்கப்படுவதும், குடும்ப வருமானத்துக்கு அது துணை நிற்பதும் அந்த அங்கீகாரத்தில் குறிப்பிடப்பட்டன. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். எனினும் அந்தப் பட்டியல் எவருக்கும் வர்த்தக உரிமையை வழங்குவதில்லை. இயந்திரப் பிரதியைத் தடுக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. கலையைக் காப்பது பட்டியலில் உள்ள பெயர் அன்று, கூலி பெறும் கைகளே.

அந்தக் கைகளுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். 2023 ஒக்டோபரில் தொடங்கிய போரில் காஸாவின் சுமார் 19 இலட்சம் மக்கள், அதாவது பத்தில் ஒன்பது பேர், இடம்பெயர்ந்ததாக ஐக்கிய நாடுகள் அமைப்புகள் தெரிவித்தன. பலர் ஒருமுறை அன்றிப் பல முறை இடம்பெயர்ந்தனர். வீடு அழியும்போது அலுமாரியில் பேணிய பாட்டியின் அங்கியும் சேர்ந்தே அழிகின்றது. பணிமனை அழியும்போது நூலும், கோலங்களும், கூடித் தைத்தவர்களின் தொடர்பும் அழிகின்றன. 1948 ஆம் ஆண்டில் கையில் எஞ்சிய கலைதான், இம்முறையும் அவர்களிடம் எஞ்சியுள்ள சிலவற்றுள் ஒன்று.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு எமது விடை இதுவே. பாட்டியின் அங்கியை வெட்டிச் செய்த பை இழப்பு. பேத்திக்குக் கூலி கொடுத்துப் புதிதாகத் தைப்பித்த பை வளர்ச்சி. கடைத் தட்டில் இரண்டும் ஒன்று போலவே தோன்றலாம். அவற்றைப் பிரித்தறியும் பொறுப்பு வாங்குவோராகிய எம்மைச் சார்ந்தது. கைத்தையற் பொருளொன்றைக் கையில் எடுக்கும்போது விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் தையல்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஓர் அங்குலத்தை எண்ணி முடிப்பதற்குள் அந்த விலை அதிகமா, குறைவா என்பது விளங்கிவிடும்.